சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு: சின்ன டிராக்டர் இன்ஜினில் ஆயில் ஒழுகலும் ஹெட் கேஸ்கெட் வேலையும்

போன பங்குனியில் தாராபுரம் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து ஒரு மினி டிராக்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இறங்கியதுமே வண்டிக்கார அண்ணன் சொன்னார்: "ஏனுங் தம்பி, ஹெட் கேஸ்கெட் போயிருச்சாட்ட இருக்குது. கழட்டிருங்க." இன்ஜினின் ஒரு பக்கம் முழுக்க எண்ணெய். அதில் செம்மண் தூசி படிந்து அடை மாதிரி காய்ந்து கிடந்தது. சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, வெயிலில் காயவிட்டு, கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் உச்சியில் வால்வு வேலைகளை மூடியிருக்கும் டேப்பட் கவரின் ரப்பர் ஒரு மூலையில் வெடித்திருந்தது. ஹெட் கேஸ்கெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கும், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள தகடு; அதற்கும் இந்த ஒழுகலுக்கும் சம்பந்தமே இல்லை. அரை மணி நேர வேலை. "இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டவர் முகத்தில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம்.

இதற்கு நேர்மாறான வண்டிகளும் வரும். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஹெட் கேஸ்கெட் மாற்றி, மூன்றாவது தடவையும் போய் நிற்கும். அங்கே கேஸ்கெட் மேல் குற்றம் இருக்காது. அதைக் கெடுத்தது வேறொன்று. அதை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அதனால்தான் இங்கே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் செய்யவேண்டியதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். கழற்றுவதும் மாட்டுவதும் நாலு தடவை செய்தால் கைக்கு வந்துவிடும்.

நான் சொல்லப்போவது 15 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள, தண்ணீரால் குளிரும் டீசல் இன்ஜின்களுக்கு. யுவராஜ் 215 மாதிரி ஒற்றை சிலிண்டரோ, வி.எஸ்.டி. சக்தி 180 மாதிரி மூன்று சிலிண்டரோ, வேலைமுறை ஒன்றுதான். அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும். நான் எழுதும் எண்ணும் உங்கள் மேனுவலில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் மேனுவல் சொல்வதையே செய்யுங்கள்.

முதலில் குளிப்பாட்டுங்கள்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான இரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் வெடிப்பு விடும். ஏர் கிளீனர் வாய், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், டீசல் டேங்க் மூடி ஆகியவற்றைப் பாலிதீன் பை போட்டுக் கட்டுங்கள். பிரஷ்ஷில் டீசல் தொட்டு அடையை ஊறவைத்துத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரை ஆயில் சீல் மேல் நேராக அடிக்க வேண்டாம். இல்லாத ஒழுகலை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை ஒரு மெல்லிய துணியில் முடிந்து, ஜாயின்ட் எல்லாவற்றின் மேலும் தட்டித் தூவுங்கள். டேப்பட் கவர் ஓரம், ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோடு, டைமிங் கவர், பம்ப் உட்காரும் இடம், ஃபில்டர் கழுத்து, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் ஓரம் எதையும் விடாதீர்கள். கீழே நாலு பக்கம் செய்தித்தாள் விரித்து, ஸ்டார்ட் செய்து, 15 நிமிஷம் ஓடவிடுங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே முதலில் இறங்குகிறதோ அதுதான் ஊற்றுக்கண். ஓடும்போது தெரியாத கசிவு, சூடாகி நின்று ஆறும்போது தெரியும். ராத்திரி பேப்பரை அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள்.

எண்ணெய் மேலிருந்து கீழே வரும். ஃபேன் காற்று அதை முன்னிருந்து பின்னே தள்ளும். ஆகவே மேல் முன்பக்கத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள். சம்ப் போல்ட்டில் தொங்கும் சொட்டு பெரும்பாலும் டேப்பட் கவரிலிருந்தோ டைமிங் கவரிலிருந்தோ வழிந்து வந்ததுதான். சம்ப் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு "இன்னும் நிக்கலீங்க" என்று வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேப்பரில் விழுந்தது எது என்பதையும் பாருங்கள். டீசல் சட்டென்று அகலமாகப் படரும், வாசனையே சொல்லிவிடும். இன்ஜின் ஆயில் கறுப்பு. கியர் ஆயில் கெட்டியாக, மூக்கைச் சுளிக்கவைக்கும் வாசனையோடு இருக்கும். கூலன்ட் பச்சை அல்லது சிவப்பு, பிசுபிசுப்பு. டீசல் ரிட்டர்ன் பைப் கசிந்து, பழைய கறுப்பை எல்லாம் கழுவிக்கொண்டு வந்து கீழே சொட்டும். பார்ப்பவர் ஆயில் ஒழுகல் என்பார்.

இன்ஜெக்டர் பைப் பக்கம் ஓடும்போது விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். அப்படிப் பட்டுவிட்டால் மருந்து தடவிக்கொண்டு வீட்டில் இருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாரும் பார்க்காத பிரீதர்

ஒரே நேரத்தில் மூன்று நாலு இடத்தில் ஒழுகுகிறதென்றால், மூன்று நாலு கேஸ்கெட் சேர்ந்து சாகவில்லை. உள்ளே காற்றழுத்தம் ஏறியிருக்கிறது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே இறங்குவது எந்த இன்ஜினிலும் உண்டு. அது வெளியே போக பிரீதர் குழாய் இருக்கிறது. ஆடிக்காற்றில் பறக்கும் தூசியும் ஆயில் ஆவியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். குளவி மண்கூடு கட்டி அடைத்ததையும் பார்த்திருக்கிறேன். போக வழியில்லாத அழுத்தம் எந்த சீல் இளைத்திருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். பிரீதரைக் கழற்றி டீசலில் அலசி, வாயால் ஊதிப் பார்த்து மாட்டுங்கள்.

பிறகு ஒரு சோதனை. இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, திருகாமல் அதன் வாய்மேல் சும்மா வையுங்கள். லேசாக அசைந்தால் சரி. எகிறிக் குதித்து, புகை குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறையான லைனரும் தேய்ந்திருக்கின்றன. அந்த வண்டிக்கு எந்த கேஸ்கெட் மாற்றினாலும் காசுக்குக் கேடு. சிலிண்டரைச் சரிசெய்யும் போர் வேலைக்குக் கணக்குப் போடுங்கள்.

ஆயில் அளவையும் பாருங்கள். ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலே ஒழுகும். நீங்கள் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால், டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது. ஃபீட் பம்ப் டயஃப்ரம் கிழிந்தால் டீசல் நேராக சம்புக்குள் போகும். அதோடு உழப்போனால் பேரிங் மிஞ்சாது.

சின்ன ஒழுகல்கள்

டேப்பட் கவர்: பழைய ரப்பரையோ கார்க்கையோ முழுக்க எடுத்து, கவரின் ஓரம் நேராக இருக்கிறதா பாருங்கள். தகடு கவர் என்றால் போல்ட் துளையைச் சுற்றி உள்ளே குழிந்திருக்கும். மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி நேராக்கலாம். புது ரப்பர் வைத்து, போல்ட்டை நிதானமாக, மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒழுகல் நிற்கவில்லை என்று பலத்தைக் காட்டினால் ரப்பர் பிதுங்கி வெடித்துவிடும். அந்த அண்ணன் வண்டியில் நடந்தது அதுதான்.

டிரைன் போல்ட்டில் கசிந்தால் செப்பு வாஷரை மாற்றினால் போதும். அவசரத்துக்குப் பழையதையே அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்தால் செம்பு மறுபடி இளகிக்கொடுக்கும். ஃபில்டர் கழுத்தில் ஒழுகினால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதுசைத் திருகியிருப்பார்கள். கழற்றிப் பாருங்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச் கசிந்தால் வயர் முனை ஈரமாக இருக்கும், சுவிட்சையே மாற்றவேண்டியதுதான்.

டீசல் பம்ப் உட்காரும் இடத்தில் ஒழுகினால் கவனம். பம்புக்கு அடியில் உள்ள மெல்லிய தகடுகள் வெறும் கேஸ்கெட் அல்ல. டைமிங் அளவே அவற்றால்தான் அமைகிறது. எத்தனை இருந்தனவோ அத்தனையும் திரும்பப் போகவேண்டும்.

பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்பக்க சீல் ஒழுகினால் புல்லியைச் சுற்றி வட்டமாக எண்ணெய் தெறித்திருக்கும். புல்லியைக் கழற்றி, ஷாஃப்ட்டில் கீறல் விடாமல் பழைய சீலை நெம்பி எடுங்கள். சீலின் முகத்திலேயே உள்வட்டம், வெளிவட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அதைச் சொல்லி வாங்கலாம். புது சீலின் ஸ்பிரிங் பக்கம் ஆயில் இருக்கும் உள்பக்கம் பார்க்கவேண்டும். உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, சரியான அளவுள்ள பைப் துண்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள். சீல் தேய்ந்த இடத்தில் ஷாஃப்ட்டில் நகம் சிக்குமளவு பள்ளம் இருந்தால், இடம் இருக்கும் பட்சத்தில் புது சீலை 2 மி.மீ. தள்ளி உட்காரவைக்கலாம்.

பின்பக்க கிராங்க் சீல் போயிருந்தால், கிளட்ச் ஹவுசிங் அடியில் உள்ள சின்னத் துளை வழியாகக் கறுப்பு ஆயில் சொட்டும், கிளட்ச் வழுக்கும். இதற்கு வண்டியையே நடுவில் பிரிக்கவேண்டும். சாளையில் ஜாக்கி வைத்துச் செய்கிற வேலை இல்லை இது. பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

எங்கேயும் சிலிக்கான் பேஸ்ட்டை இட்லிக்குச் சட்னி மாதிரி ஊற்ற வேண்டாம். வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே பிதுங்குவது உதிர்ந்து ஆயில் ஜல்லடையை அடைக்கும். நூல் கனத்தில் ஒரு கோடு போதும்.

ஹெட் கேஸ்கெட்தானா?

டீசல் இன்ஜின் காற்றைப் பெரும்பாலும் 17 முதல் 22 பங்குக்கு ஒரு பங்காக நெருக்குகிறது. அந்த அழுத்தத்தையும், பக்கத்திலேயே ஓடும் தண்ணீரையும், ஆயிலையும் ஒன்றோடொன்று சேராமல் பிரித்து நிற்பது ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தேறாத அந்தத் தகடு. அது எந்த இடத்தில் விட்டதோ அதைப் பொறுத்து அடையாளம் மாறும்.

சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே விட்டால் ரேடியேட்டரில் குமிழி வரும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விளிம்புவரை தண்ணீர் நிரப்புங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் வாட்டர் பம்ப் கலக்காது. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷம் பாருங்கள். இரண்டு மூன்று குமிழி வந்து அடங்கினால் உள்ளே இருந்த காற்று. விடாமல் வந்து, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க அதிகமானால் கேஸ்கெட், அல்லது ஹெட்டில் வெடிப்பு. பெல்ட் இல்லாமல் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

தண்ணீர் ஆயிலில் கலந்தால் டிப்ஸ்டிக்கில் பால் டீ நிறம் தெரியும். மார்கழிப் பனியில் கொஞ்ச நேரமே ஓடும் வண்டியின் மூடி அடியில் மட்டும் வெள்ளை நுரை கட்டுவதும் உண்டு, அது வேர்வை. டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். வெளிப்பக்கமாக விட்டால் ஹெட் கோட்டில் சீறல் சத்தமும் கரிக்கோடும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் நடுவே விட்டால் ஒழுகலே இருக்காது. காலையில் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்யும், ரொட்டவேட்டர் போட்டால் இழுக்காது.

ஆயிலில் தண்ணீர் கலப்பதற்கு ஹெட் கேஸ்கெட் ஒன்றே காரணம் அல்ல. தண்ணீர் நேரடியாகப் படும் லைனர் என்றால் அதன் அடி ரப்பர் வளையம் விட்டிருக்கலாம். ஆயில் கூலர் இருந்தால் அதுவும் ஓட்டையாகலாம். ஆயிலை வடித்து, சம்பைக் கழற்றி, ரேடியேட்டரில் கைப்பம்ப்பால் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை ஏற்றிவிட்டு, கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். லைனர் அடியில் தண்ணீர் சொட்டினால் ஹெட்டைக் கழற்றி மாட்டுவதால் மட்டும் பிரயோஜனம் இல்லை.

ஹெட்டை இறக்குவது

ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில்தான் தொடங்கவேண்டும். சூட்டில் கழற்றினால் ஹெட் முறுக்கிக்கொள்ளும். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். தண்ணீரை வடியுங்கள். பானெட், ஏர் கிளீனர் குழாய், சைலன்சர், மேனிஃபோல்டு, மேல் ஹோஸ் ஆகியவற்றை எடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் போனில் ஒரு படம். எங்கள் மேஸ்திரி காலத்தில் சாக்பீஸால் தரையில் வரைந்து வைப்போம்.

டீசல் பைப்புகளைக் கழற்றியதும் முனைகளை உடனே மூடுங்கள். ஒரு செம்மண் துகள் போதும், நாசில் வீணாகிவிடும். இன்ஜெக்டர்களை வெளியே எடுத்துவிட்டு ஹெட்டைத் தூக்குவது நல்லது. வால்வுகளை அழுத்தும் ராக்கர் செட்டைச் சமமாகத் தளர்த்தி எடுத்து, அதை அடியிலிருந்து தள்ளும் புஷ் ராடுகளை ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டு வரிசையாகக் குத்தி வையுங்கள். எது எங்கே ஓடியதோ அங்கேயே திரும்பப் போகவேண்டும், மேல் கீழ் மாறாமல்.

ஹெட் போல்ட்டை முடுக்கும் வரிசைக்குத் தலைகீழாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள். ஒரே மூச்சில் எடுக்காமல் எல்லாவற்றையும் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று. நீளம் வேறு வேறாக இருக்கும். அட்டையில் குத்தி வையுங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். நடுவில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் அந்தக் கீறலே அடுத்த ஒழுகல். மூன்று சிலிண்டர் ஹெட்டுக்கு இரண்டு ஆள் வேண்டும். நேர் மேலாகத் தூக்கி மரப்பலகையில் வையுங்கள்.

தண்ணீர் படும் லைனர் உள்ள இன்ஜினில், ஹெட் இல்லாதபோது கிராங்கைச் சுற்றாதீர்கள். பிஸ்டனோடு லைனரும் எழும்பி, அடி வளையம் கிழிந்துவிடும். சுற்றியே ஆகவேண்டுமென்றால் பெரிய வாஷர் வைத்து லைனரை அழுத்திக் கட்டிவிட்டுச் சுற்றுங்கள்.

பழைய கேஸ்கெட்டைப் படிப்பது

தூக்கி எறிவதற்கு முன்னால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலிண்டர் வளையத்திலிருந்து தண்ணீர்த் துளைக்கு ஒரு கரிக்கோடு ஓடியிருந்தால் விட்ட இடம் அதுதான். அந்த இடத்துக்கு நேர் மேலே ஹெட்டிலும், நேர் கீழே பிளாக்கிலும் சாக்பீஸால் குறியுங்கள். பள்ளமும் வளைவும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். பிஸ்டன் தலைகளையும் பாருங்கள். மற்றவை கரியாக இருக்க, ஒன்று மட்டும் பாத்திரம் கழுவிய மாதிரி பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது.

பழங்காலத்து கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்டவோ காற்றடிக்கவோ கூடாது. நனைத்துச் சுரண்டுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். சிலிண்டர் வாய்களிலும் ஆயில் துளைகளிலும் துணி அடையுங்கள். பிளேடு, தட்டையான ஸ்கிரேப்பர், கெட்டி மரத்துண்டு போதும். கிரைண்டிங் மெஷினில் எம்ரி வட்டு மாட்டித் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். உதிரும் துகள் ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்றுவிடும்.

போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ துளிகூட இருக்கக்கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். கோயமுத்தூரில் தொழில் பழகிய இரண்டாவது வருஷம், துளையில் தண்ணீர் நின்றதைப் பார்க்காமல் போல்ட்டை முடுக்கினேன். தண்ணீருக்குப் போக இடம் இல்லை, அதை நெருக்கவும் முடியாது. டக்கென்று ஒரு சத்தம். பிளாக்கில் நகக்கோடு போல ஒரு வெடிப்பு. அந்த மாதம் எனக்குச் சம்பளம் இல்லை. கண்ணை மூடிக் காத்துக்கொண்டு காற்றடித்து, துணியால் ஒற்றி எடுங்கள்.

இனி மட்டம். நேரான ஸ்டீல் பட்டையை ஹெட் முகத்தில் நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என ஆறு வகையாக வைத்து, அடியில் மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். சின்ன இன்ஜின்களில் எல்லை பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை. பிளாக்கையும் இதே மாதிரி பாருங்கள். லைனர் உள்ளதென்றால் அது பிளாக் மட்டத்துக்குமேல் மேனுவல் சொல்லும் அளவு எழும்பி நிற்கவேண்டும். தாழ்ந்திருந்தால் எந்த கேஸ்கெட்டும் பிடிக்காது.

ஹெட் வளைந்திருந்தால் ஃபேசிங், அதாவது மெஷினில் முகத்தைச் சீவி மட்டமாக்குவது. கொங்கு நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. பம்ப் செட்டும் மில் மெஷினும் வார்த்து வளர்ந்த ஊர் கோயமுத்தூர். தேவையானதற்கு மேல் ஒரு நூலும் எடுக்கவிடாதீர்கள். முகம் குறையக் குறைய வால்வு பிஸ்டனுக்குக் கிட்டே வரும். கொடுக்கும்போதே வெடிப்பு சோதனையும் வால்வு கிரைண்டிங்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஹெட் பட்டறையில் இருக்கும் அந்த நாளில்

கேஸ்கெட்டைக் கொன்ற ஆளைப் பிடிக்கும் நாள் அது. ஆள் பெரும்பாலும் சூடுதான். நம் பக்கம் சூட்டுக்கு இரண்டு காரணம் முதலில் நிற்கும்.

ஒன்று போர்த் தண்ணீர். பல்லடம், அவிநாசி, காங்கயம் பக்கமெல்லாம் ஆயிரம் அடிக்குக் கீழே போய் எடுக்கிற தண்ணீரில் வெந்நீர் வைத்தாலே பாத்திரத்தில் வெள்ளைப் படலம் நிற்கிறது. அதையே ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளேயும் அதே படலம்தான், பிளாக்கின் சுவரில், ரேடியேட்டர் குழாயில். உப்புப் படலம் சூட்டை வெளியே விடாது. "கூலன்ட் எதுக்குங், இங்கென்ன பனியா பெய்யுது?" என்று கேட்பார்கள். கூலன்ட் பனிக்கு மட்டும் இல்லை; துரு பிடிக்காமல் இருக்கவும், கொதிநிலை ஏறவும்தான் நமக்கு. பேட்டரித் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். அது கைக்கு எட்டாவிட்டால், ஓட்டுக்கூரையில் முதல் மழை கழுவிப் போனபின் பிடித்த மழைத்தண்ணீராவது ஊற்றுங்கள்.

இரண்டாவது, ரேடியேட்டர் முகத்தில் அடைவது. தென்னந்தோப்பில் பன்னாடை, நார்த் தூசி, கரும்புக்காட்டில் சோகை, மில் இருக்கும் பக்கம் பஞ்சு. ஃபேன் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். முன்னாலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே போய் உட்காரும்.

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கவேண்டும். தண்ணீர் சூடானபின் ரேடியேட்டருக்கு வழிதிறக்கும் தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சி, அதன் மேல் பொறித்திருக்கும் சூட்டில் திறக்கிறதா பாருங்கள். அதைக் கழற்றி எறிந்துவிடு என்கிற யோசனையைக் கேட்காதீர்கள். பைபாஸ் வழி உள்ள இன்ஜினில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றி வந்து, சூடு இன்னும் ஏறும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, சீக்கிரம் கொதிக்கும். மூடி சின்னச் செலவு, மாற்றிவிடுங்கள்.

புது கேஸ்கெட்

வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். சில இன்ஜின்களுக்கு ஒரே கேஸ்கெட் இரண்டு மூன்று தடிமனில் வரும். ஓரத்தில் உள்ள வெட்டுகளோ துளைகளோ எத்தனை என்பதுதான் அடையாளம். பழையதில் எத்தனையோ அத்தனை. எல்லாத் துளையும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று கவுன்ட்டரிலேயே வைத்துப் பாருங்கள். இன்ஜெக்டர் அடி வாஷர், டேப்பட் கவர் ரப்பர், மேனிஃபோல்டு கேஸ்கெட் எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்கினால் நடுவில் அலையவேண்டாம்.

ஹெட் கேஸ்கெட்டுக்கு பேஸ்ட், கிரீஸ், பெயின்ட் எதுவும் வேண்டாம். மேனுவல் சொன்னால் ஒழிய உலர்ந்தபடியே வையுங்கள். 'டாப்' என்று பொறித்த பக்கம் மேலே. ஆயில் ஏறும் துளை திறந்திருக்கிறதா என்று ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். திருப்பி வைத்தால் ராக்கருக்கு ஆயில் போகாது. இடம் மாறாமல் பிடிக்கும் டோவல் பின்னில் உட்காரவைத்து, ஹெட்டை நேராக இறக்குங்கள். ஒருமுறை உட்கார்ந்தபின் தூக்கி நகர்த்த வேண்டாம்.

போல்ட் மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்து, மேனுவல் சொன்னால் ஓரிரு துளி இன்ஜின் ஆயில் தொட்டு, கையால் முடிந்தவரை திருகுங்கள். நடுவிலிருந்து வெளியே சுழன்று போகும் வரிசையில், மூன்று சுற்றாக முடுக்குங்கள். முழு டார்க்கில், அதாவது மேனுவல் சொல்லும் முடுக்கும் அளவில், மூன்றில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் இரண்டு, பிறகு முழுசு. ஒற்றை சிலிண்டர் என்றால் எதிரெதிர் மூலையாக. கடைசியில் முழு அளவிலேயே இன்னொரு சுற்று. கோணக்கணக்கில் முடுக்கும் போல்ட் என்றால் அது இழுபட்டு வேலை செய்வது. திரும்பப் போடலாமா என்று மேனுவலில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

டார்க் ரென்ச் கிடைக்காத ராத்திரிக்கு ஒரு வழி. ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு கிலோ எடையளவு இழுத்தால் 9.8 நியூட்டன் மீட்டர். சாக்கெட் கம்பியில் பைப் மாட்டி, போல்ட் நடுவிலிருந்து சரியாக அரை மீட்டரில் குறித்து, அங்கே மஞ்சள் மூட்டை நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு, பைப்புக்குச் செங்கோணமாக இழுங்கள். 16 கிலோ காட்டினால் சுமார் 78 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச்சுக்கு ஈடில்லைதான், ஆனால் "நம்ம கைக்குத் தெரியும்" என்பதைவிட எவ்வளவோ மேல்.

டேப்பட், டீசல், முதல் ஓட்டம்

புஷ் ராடுகள் அடியில் சரியாக உட்கார்ந்ததா பார்த்து ராக்கரை மாட்டுங்கள். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது, ஆறிய நிலையில், ஃபீலர் கேஜ் வைத்து டேப்பட் இடைவெளி வையுங்கள். சின்ன இன்ஜின்களில் 0.15 முதல் 0.30 மி.மீ.க்குள் ஏதோ ஒரு அளவாக இருக்கும். இன்ஜெக்டர் அடியில் புது வாஷர் போடுங்கள். பழைய வாஷர் துளைக்குள் ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு.

தண்ணீர் கலந்த ஆயில் என்றால் பழையதை வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றி, சூடாகும்வரை ஓட்டி மறுபடி வடித்துவிட்டு, பிறகு நல்ல ஆயில் நிரப்புங்கள். வடித்த ஆயிலைத் தென்னை மூட்டில் ஊற்றாதீர்கள்; பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து, பத்துப் பத்து வினாடியாக ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றவிடுங்கள். பிறகு ஏர் எடுங்கள், அதாவது டீசல் வழியில் நிற்கும் காற்றை வெளியேற்றுங்கள். முதலில் ஃபில்டர் மேல் ஸ்க்ரூ, பிறகு பம்ப், கடைசியில் இன்ஜெக்டர் பைப் நட்டுகள் என்று வரிசையாகத் தளர்த்துங்கள். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் முடுக்குங்கள். ஸ்டார்ட் ஆனதும் வேகம் கொடுக்காமல் 15 நிமிஷம் விடுங்கள். ஹெட் கோட்டைப் பாருங்கள், சூட்டு முள்ளைப் பாருங்கள். ரேடியேட்டரில் காற்று வெளியேறி மட்டம் இறங்கும், ஆறியபின் நிரப்புங்கள்.

மறுநாள் காலை, மேனுவல் ரீ-டார்க் (மறுபடி முடுக்குவது) கேட்டால், போல்ட்டுகளை அதே வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஹெட் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும் என்பதால் டேப்பட்டையும் இன்னொருமுறை வையுங்கள். முதல் பத்து மணி நேரத்துக்கு ரொட்டவேட்டர் வேண்டாம், டிரெய்லரில் குப்பை ஏற்றுகிற மாதிரி இலகுவான வேலையாகக் கொடுங்கள். ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் மறுபடி செய்தித்தாள் விரித்துவையுங்கள். 50 மணி நேரம் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும்போது, டிரைன் போல்ட்டின் செப்பு வாஷரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.